அசைந்தால் என்னுடையது

கண்ணாடித் தொழிற்சாலையில் எனக்குக்
கீறல் பிடிக்கிற வேலை.
ஆளுயரச் சட்டத்தில் கண்ணாடி வந்து நிற்கும்,
பின்னால் கறுப்புத் திரை, பக்கத்தில் குழல்விளக்கு.
குமிழி, கோடு, அடைபட்ட தூசி
எதுவானாலும் மெழுகுப் பென்சிலால் வட்டமிட்டுத்
திருப்பி அனுப்ப வேண்டும்.

மூன்று வருடமாக
எல்லாக் கண்ணாடியிலும் ஏதோ இருக்கிறது.
ஊசிமுனைப் புள்ளிகள்,
வறுபடும் ரவைபோல ஓயாமல் துள்ளும்.
கண்ணை மூடினாலும் அடுப்பு அணையாது.
பார்த்துவிட்டு நகர்ந்த கத்தரிக்கோல்
சுவரில் இன்னொரு தடவை கிடக்கும்.
சில நாள், இடது ஓரத்தில்
பல்லுப் பல்லாய் ஒரு மினுக்கம் முளைத்து
அரிவாளாய் வளைந்து கடந்துபோகும்.
மின்னி இருபது நிமிடத்தில் இடிக்கும்.
எங்கள் பக்கத்தில் அதற்குத்
தலையிடி என்றுதான் பேர்.

ஆகவே ஒரு முறை கண்டுபிடித்தேன்.
தலையை மெல்ல இடம் வலமாய் அசைப்பேன்.
கூடவே வந்தால் அது என்னுடையது.
நின்றுவிட்டால் கம்பெனியுடையது.
மேற்பார்வையாளர் நினைக்கிறார்,
இது எங்கள் நாட்டு ஆட்களின் தலையாட்டல் என்று.

டொக்டர் ஃப்ரீசன் நல்ல மனிதர்.
ஸ்கேன் சுத்தம், நரம்பு சுத்தம், விழித்திரை சுத்தம் என்றார்
வாடகைக்கு வீடு காட்டுகிறவர்போல.
மொழிபெயர்க்கத் தொலைபேசியில் ஒரு தமிழ்க் குரல்,
எந்த ஊரில் எந்த நேரத்தில் இருக்கிறதோ.
"கண் கூசுது" என்றேன்.
குரல் தயங்கியது.
"கூச்சம்னா, வெளிச்சத்துலயா அம்மா,
மனுஷங்க முன்னாடியா?"
இரண்டும்தான் என்று சொல்லியிருக்க வேண்டும்.
வெளிச்சம் என்றேன்.
"பனி விழற மாதிரியான்னு கேக்குறார்."
பனி விழுந்தால் நிலத்தில் தங்கும்,
அள்ளி ஓரத்தில் போடலாம்,
இது எங்கேயும் விழுகிறதில்லை என்று சொல்லுங்கோ.
குரல் அதில் எவ்வளவைச் சொன்னதோ,
அவர் ஒற்றைச் சொல் எழுதினார்.

வீட்டில் குகநேசன்
கதவைச் சத்தமில்லாமல் சாத்தப் பழகிவிட்டார்.
இரவில் வெங்காயம் வதக்குவதில்லை.
"இப்பவும் தெரியுதோ?" என்று கேட்பதையும் விட்டுவிட்டார்.
அதைத்தான் எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜனவரி. வின்னிபெக். மைனஸ் முப்பத்தொன்று.
பெம்பினா வீதி பஸ் தரிப்பில்
காலை எட்டே முக்காலுக்கு நிமிர்ந்தேன்.
மூன்று சூரியன்.
நடுவில் ஒன்று, தோளுக்கொன்றாய் இரண்டு,
மூன்றையும் தொட்டபடி வெளிறிய வளையம்.

சரி, இனி இதுவுமா.
கைப்பைக்குள் மாத்திரையைத் தடவினேன்.
மணி பார்த்தேன், இருபது நிமிடக் கணக்குக்கு.
பிறகு வேலைப் பழக்கத்தில்
தலையை இடம் வலமாய் அசைத்தேன்.
அவை நின்றன.
இன்னொரு தடவை அசைத்தேன்.

பக்கத்தில் ரொவேனா, பொதிகட்டும் பிரிவுக்காரி,
பல்லால் கையுறையைக் கழற்றிப் போனை உயர்த்தினாள்.
"பார், பார்!"
ஐஸில் சறுக்கிக்கொண்டு வந்த பொடியனும்
வாய் திறந்து நின்றான்.
எனக்குத் தெரிவது இன்னொருவருக்கும் தெரிந்து
மூன்று வருடம்.
கண்ணில் நீர் வந்தது.
இந்தக் குளிருக்கு எல்லோருக்கும் வரும்.

ரொவேனா படத்தை அனுப்பினாள்.
டொக்டரிடம் காட்ட நினைத்து, விட்டுவிட்டேன்.
இதுதானா என்று அவர் கேட்டால்
இல்லை, இது ஒன்றுதான் இல்லை என்று
அந்தக் குரல் எப்படிச் சொல்லும்?

பதினொரு மணிக்கு மின்னியது.
அதற்குள் நாற்பது கண்ணாடி முடிந்திருந்தது.
நாற்பத்தோராவதில்
வலது மூலைக்குச் சற்று மேலே ஒரு மயிர்க்கோடு.
அசைத்தேன்.
கூட வந்ததுபோல் இருந்தது. வராததுபோலும்.
பென்சிலை எடுத்தேன், வைத்தேன்,
பச்சைத் துண்டு ஒட்டி அனுப்பிவிட்டேன்.

எங்கோ ஒரு புது வீட்டில்
யாரோ ஒருத்தி துணியை நனைத்து
அந்த மூலையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.
போகாது.
கொஞ்சம் பின்னால் வந்து நின்று
தலையை
இடம் வலமாய்